ரிவேர்ஸ் இராசதுரை கோட்டை பார்க்கப் போன கதை

தன்னாமுனைக்கு வந்து இராசதுரை வீடு எது என்று கேட்டால், எந்த இராசதுரை என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். வேன் ஓட்டுகிற இராசதுரை என்றாலும் போதாது, அந்தப் பெயரில் இரண்டு பேர் வேன் வைத்திருக்கிறார்கள். ரிவேர்ஸ் இராசதுரை என்று சொன்னால் தீர்ந்தது. அவர் என் சின்னக்கா சிவமணியின் புருஷன், எனக்கு அத்தான். இந்தப் பட்டத்தை வைத்தது யார் என்று அவர் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறார். நான்தான் வைத்தேன். பேப்பர் வாசிக்கிற பழக்கம்கூட அவருக்கு இல்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

அத்தான் இருபத்தைந்து வருடமாக ஹயர் ஓடுகிறார். கல்யாணம், செத்த வீடு, கோயில் திருவிழா, ஆஸ்பத்திரி, எதற்குக் கூப்பிட்டாலும் வருவார். ஆனால் ரோட்டில் ஒரு சின்னச் சந்தேகம் தட்டினால் போதும். எதிரே வருகிற லொறி லைட் அடித்தாலும், கடைகள் நேரம் கெட்ட நேரத்தில் பூட்டிக் கிடந்தாலும், ரோட்டில் ஒரு நாயைக்கூடக் காணவில்லை என்றாலும் உடனே ரிவேர்ஸ் எடுத்து வந்த வழியே வீட்டுக்கு வந்துவிடுவார். ஒருமுறை மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனவர், ஏறாவூர் தாண்டியதும் மாப்பிள்ளையோடு திரும்பி வந்துவிட்டார். முகூர்த்தம் அடுத்த கிழமைதான் நடந்தது. மாப்பிள்ளை இன்றும் அவரோடு கதைப்பதில்லை. வேனை எங்கே நிறுத்தினாலும் அதன் மூக்கு வீட்டுப் பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம்.

நாங்கள் இதை வைத்து எவ்வளவு சிரித்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 2004 டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலையில் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு கல்குடாக் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார். கடற்கரைக்கு ஒரு மைல் இருக்கும்போது ஒரு பெண் செருப்பில்லாமல் ரோட்டில் ஓடி வருவதைக் கண்டார். ஏன் ஓடுகிறாய் என்று கேட்கவில்லை. அவளையும் ஏற்றிக்கொண்டு ரிவேர்ஸ். வேனுக்குள் இருந்தவர்கள் கொடுத்த காசு வீண் என்று அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அரை மணித்தியாலம் கழித்துக் கடல் ஊருக்குள் வந்த செய்தி கிடைத்தபோது திட்டியவர்களே அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ரிவேர்ஸ் என்ற பெயர் ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. தூரப் பயணத்துக்கு அவருடைய வேனைத்தான் கேட்பார்கள்.

இனி அவர் பிழை விட்ட இடத்தைச் சொல்கிறேன். இந்தக் கதையே அதில்தான் நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். கதிரவெளியில் இருந்த அம்மாவின் வீடு மூத்தவளான பெரியக்கா இலட்சுமிப்பிள்ளைக்குப் போனது. சின்னக்காவுக்குத் தன்னாமுனையில் வளவு வாங்கி வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஆண் பிள்ளையான எனக்கு ஒன்றும் இல்லை, கல்யாணம் கட்டிக்கொண்டு செங்கலடியில் மனைவி வீட்டில் போய் இருக்கிறேன். கூட்டுறவுச் சங்கக்கடையில் முகாமையாளர் வேலை. பெரியக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை, புருஷனும் காய்ச்சலில் போய்விட்டார். அந்தப் பெரிய வளவில் தனியாக இருந்தாள்.

2006 கார்த்திகையில் கதிரவெளி இருக்கிற வாகரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. "வேனைக் கொண்டு வரச் சொல்லு, ரோட்டில நிக்கிறன்" என்று பெரியக்கா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். மறுநாள் காலையிலேயே அத்தான் வெளிக்கிட்டார். துணைக்கு நான் முன் சீட்டில். ஓட்டமாவடிப் பாலத்தடியில் எங்களை இறக்கிச் சோதித்தார்கள். சோதித்து முடித்த ஆமிக்காரன் போகலாம் என்று கையைக் காட்டினான். அந்த நேரம் பார்த்து வடக்கே தூரத்தில் தொம் தொம் என்று இரண்டு சத்தம் கேட்டது. அத்தான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ரிவேர்ஸ் எடுத்தார். வீட்டுக்கு வந்து, "பாலத்தடியில ரோட்டப் பூட்டிட்டானுகள்" என்று சின்னக்காவிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

பெரியக்கா இரண்டு நாள் ரோட்டில் பையோடு நின்றிருக்கிறாள். பிறகு சனத்தோடு சேர்ந்து காட்டு வழியாக நான்கு நாள் நடந்து வெளியே வந்தாள். அகதி முகாமில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு மீண்டும் கதிரவெளிக்கே போனாள். உயிர் தப்பியது பெரிய காரியம். ஆனால் அன்றிலிருந்து அத்தான் அவளுடைய முகத்தைப் பார்ப்பதில்லை. முகாமுக்குச் சின்னக்காவைக் கூட்டிப் போவார், வாசலில் இறக்கிவிட்டு, டயருக்குக் காற்றுக் காணாது என்று வேனைச் சுற்றிச் சுற்றி வருவார். நான் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. அது என் பெருந்தன்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சங்கக்கடையிலிருந்து பெரியக்காவுக்கு மாதம் தவறாமல் சீனியும் பருப்பும் அனுப்பிவைத்தேன்.

சின்னக்காவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் திருகோணமலைக் கோட்டையின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அதை நேரில் பார்க்க வேண்டும். 1988இல் தாலி கட்டிய கிழமையே அத்தான் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். முதல் தரம் 1990இல் வெளிக்கிட்டு, செங்கலடிச் சந்தியில் சனம் குறைவு என்று திரும்பினார்கள். அடுத்த மாதம் சண்டை தொடங்கியதால் அதில் குறை சொல்ல முடியாது. இரண்டாம் தரம் ஓட்டமாவடிவரை போனார்கள். மூன்றாம் தரம் சமாதான காலம், ரோட்டில் ஒரு பயமும் இல்லை, வெருகல்வரை போய்விட்டார்கள். அங்கே ஆற்றைக் கடத்துகிற தெப்பம் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது என்று திரும்பி வந்தார். அதே தெப்பம் அன்று முழுக்க லொறி ஏற்றி இறக்கியது.

யுத்தம் முடிந்து மூன்றாவது வருடம், 2012 சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முந்தி சின்னக்கா ஒற்றைக் காலில் நின்றாள். ரோட்டுக்குத் தார்க் கார்பெட் போட்டாயிற்று, ஆற்றுக்கெல்லாம் பாலம் கட்டியாயிற்று, இனி என்ன சாட்டு என்று கேட்டாள்.

"இந்த முறையும் திரும்பி வந்தீங்களெண்டா, நான் மறுநாளே பஸ்ஸில போய்ப் பாத்திட்டு வருவன்" என்றாள்.

வேன்காரன் பெண்சாதி பஸ்ஸில் போவதைவிட ஒரு அவமானம் உண்டா? அத்தான் சம்மதித்தார். ஆனால் திருகோணமலை ரோட்டில்தான் கதிரவெளி இருக்கிறது, ரோட்டோரத்தில்தான் பெரியக்காவின் வாசல் படலை இருக்கிறது. அதற்கும் ஒரு வழி பார்த்துவைத்திருந்தார். "இருட்ட முன்னம் திருகோணமலைக்குப் போகணும். போகேக்க கதிரவெளியில நிக்க நேரமில்ல, வரேக்க பாப்பம்" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

வேனில் அத்தான், சின்னக்கா, பல்கலைக்கழக வளாக அனுமதிக்குக் காத்திருந்த பெரிய மகள் தர்சினி, ஏழு வயதான சின்னவள் கம்சாயினி, நான். என் மனைவிக்கு வேன் ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டாலே வாந்தி வரும், அவள் வரவில்லை. பிட்டும் பொரித்த மீனும் சம்பலும் ஒரு பெரிய பாத்திரத்தில் என் காலடியில் இருந்தன.

கோட்டை பார்க்கிற பயணம் என்றால் எங்கள் ஊர்க் கோட்டையிலிருந்து தொடங்குவதுதான் முறை என்று தர்சினி சொன்னாள். ஆகவே வடக்கே போக வேண்டிய வேன் முதலில் தெற்கே மட்டக்களப்புக்குப் போனது. வாவிக் கரையில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை. பிறந்ததிலிருந்து அதற்குள் எத்தனை தரம் போயிருப்போம்! மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரி அதற்குள் இருப்பதால் அது கோட்டை என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. வாசலில் நின்றவர், "என்ன அலுவல்?" என்று கேட்டார். "சும்மா பாக்க வந்தம்" என்றாள் சின்னக்கா. அவர் நம்பவில்லை. சும்மா பார்க்கக் கச்சேரிக்கு யார் வருவார்கள்? உள்ளே போய் மதிலில் ஏறிப் பீரங்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினால் சின்னக்காவைக் காணவில்லை. கீழே ஒரு கந்தோர் வாசலில் நீண்ட வரிசை ஒன்று நின்றது, அதன் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னத்துக்குக்கா நிக்கிறாய்?" என்றேன்.

"தெரியல்ல. எல்லாரும் நிக்கினம், நானும் நிண்டன்" என்றாள்.

பிறகு வடக்கே திரும்பினோம். செங்கலடி, வந்தாறுமூலை, இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல் வட்டைகள், வைக்கோல் போர்கள், வரம்பில் வரிசையாகக் கொக்குகள். அத்தான் நல்ல சந்தோஷமாக இருந்தார். எந்த எந்த இடத்தில் எந்த எந்தக் காலத்தில் என்ன என்ன காவலரண் இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். மற்றவர்கள் ஊரைக் கோயிலை வைத்தும் சந்தியை வைத்தும் அடையாளம் சொல்வார்கள், அத்தானுக்குச் சோதனைச் சாவடிகள்தான் அடையாளம். ஓட்டமாவடிப் பாலத்தில் மட்டும் வாய் மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். பாலத்துக்கு வருமுன் பாசிக்குடாவில் பிள்ளைகள் இரண்டு மணித்தியாலம் தண்ணீரில் கிடந்தார்கள். புதிய ஹோட்டல்கள் கட்டுகிற சத்தம். சின்னக்கா முழங்கால்வரை இறங்கி நின்று, கடலைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கரைக்கு ஏறினாள்.

மாங்கேணியில்தான் அந்தக் கூத்து நடந்தது. ரோட்டோரத்தில் பழைய சாவடியின் மண்மூட்டைகள் சில கிழிந்து கிடந்தன. வேன் மெதுவாக நின்றது. அத்தான் எஞ்சினை நிறுத்தினார். நாங்கள் இறங்கினோம். சின்னக்கா கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்துக் கையில் பிடித்தாள், தர்சினி தன்னுடையதை எடுத்தாள், நான் சேட்டுப் பையிலிருந்து எடுத்தேன். ஒருவர் பின்னால் ஒருவராக வெயிலில் நடந்தோம். ஐம்பது யார் தூரம் போயிருப்போம். பின்னாலிருந்து கம்சாயினி கத்தினாள்.

"அம்மா! எல்லாரும் எங்க போறீங்க?"

அவள் மட்டும் வேனுக்குள் இருந்தாள். அவளுக்குச் சாவடியில் இறங்கி நடக்கிற பழக்கம் இல்லையே. நாங்கள் திரும்பிப் பார்த்தோம். சாவடி இல்லை, ஆமி இல்லை, வெறும் ரோட்டில் நான்கு பேர் அடையாள அட்டையோடு நிற்கிறோம். எதிரே வந்த ஒரு சைக்கிள்காரன் எங்களைப் பார்த்துப் பயந்து இறங்கி, தானும் சட்டைப் பையைத் தடவினான். அப்போதுதான் சிரிப்பு வந்தது. சின்னக்கா ரோட்டிலேயே குந்தியிருந்து சிரித்தாள். அத்தானுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏன் நிப்பாட்டினீங்க?" என்று தர்சினி கேட்டாள்.

"நானெங்க நிப்பாட்டினன்? வேன் நிண்டுது" என்றார் அவர்.

பனிச்சங்கேணிப் பாலத்தில் இறங்கிப் படம் எடுத்தோம். வாகரைக் கடைத்தெருவுக்கு வந்தபோது பிற்பகல் மூன்று மணியிருக்கும். சோடா வாங்க நிறுத்தினோம். கடைக்காரர் சோடாப் போத்தலை என் கையில் தந்துவிட்டுக் காசு வாங்காமல் கடைப் பலகையைப் போடத் தொடங்கினார். இந்தோனேசியாப் பக்கம் பூமி அதிர்ந்திருக்கிறதாம், சுனாமி வரலாமாம், ரேடியோவில் சொல்கிறார்களாம். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. வடக்கேயிருந்து மோட்டார் சைக்கிள்களும் ஒரு லேண்ட்மாஸ்டர் டிராக்டரும் சனத்தை ஏற்றிக்கொண்டு வேகமாக வந்தன. "அங்கால போகாதீங்க, திருப்புங்க!" என்று ஒருவன் கத்திக்கொண்டு போனான்.

எல்லோரும் வேனுக்குள் ஏறினோம். அத்தானுடைய கை தன்பாட்டில் கியருக்குப் போனது. ரிவேர்ஸ் விழுந்தது. வேன் பின்னால் நகர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இந்த மனிதனுடைய பயத்தால் பதினான்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள், நாங்களும் இருப்போம் என்று நினைத்தேன்.

பின் சீட்டிலிருந்து சின்னக்கா சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை.

"பெரியக்கா அங்க தனிய இரிக்கா. அண்டைக்குத்தான் ரோட்டு பூட்டிக் கிடந்துது, நாம என்ன செய்யிற? இண்டைக்குப் பூட்டல்லையே. போவமே."

வேன் நின்றது. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆறு வருடத்துக்கு முன்பு பார்த்த அதே பார்வை. நான் என்ன சொல்வேன் என்று பார்த்தாரோ தெரியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கியரை மாற்றினார். ரோட்டில் எல்லா வாகனமும் தெற்கே வர, எங்கள் வேன் மட்டும் வடக்கே போனது. ஹோர்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. இடப் பக்கம் காடு, வலப் பக்கம் மரங்களுக்கு இடையில் கடல் விட்டுவிட்டுத் தெரிந்தது. வழக்கமான கடல்தான். தர்சினி தங்கையின் கண்ணைப் பொத்திக்கொண்டாள். அத்தான் ஓடிய ஓட்டத்தில் பிட்டுப் பாத்திரத்தின் மூடி கழன்று என் கால் முழுக்கச் சம்பல்.

பெரியக்கா ரோட்டில் நின்றாள். கையில் பை. பக்கத்தில் அயலவர்கள் பதினைந்து இருபது பேர். வேன் வந்து நின்றதும் அவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் ஸ்டீயரிங்கைப் பார்த்தார்.

"வந்திட்டீங்களா?" என்றாள்.

"ஓம் அக்கா" என்றார். அவ்வளவுதான்.

அவள் ஏறவில்லை. முதலில் பிள்ளைக்காரிகளை ஏற்றினாள், பிறகு நடக்க முடியாதவர்களை ஏற்றினாள், பிறகு ஒரு ஆட்டுக்குட்டியையும் அதன் சொந்தக்காரியையும் ஏற்றினாள். நல்லரத்தினம் என்ற மீன்பிடிக்காரர் தன் படகு எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். போன சுனாமியில் ஒன்றைப் பறிகொடுத்தவர், இதை விடமாட்டேன் என்று நின்றார். எஞ்சின் என் மடியில் ஏறியது. பதினான்கு சீட் வேனில் முப்பது பேருக்குக் குறையாது. கடைசியாகப் பெரியக்கா படியில் தொற்றிக்கொண்டு, "எடுங்க வேன" என்றாள்.

மேற்கே உள்ளே போகிற கிரவல் ரோட்டில் போய், ஒரு கற்பாறை மேட்டின் அடியில் நிறுத்தினோம். எல்லோரும் பாறையில் ஏறி உட்கார்ந்தார்கள். ஒருவருக்கும் வீட்டில் சாப்பிட நேரம் கிடைத்திருக்கவில்லை. சின்னக்கா மிச்சப் பிட்டைப் பகிர்ந்தாள், ஆளுக்கு ஒரு பிடி. நல்லரத்தினம் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விட்டார். கம்சாயினி, "இதா கோட்டை?" என்று கேட்டாள். இதுதான் என்று ஒரு கிழவர் சொல்லிவைக்க, அவள் பாறையெல்லாம் பீரங்கி தேடினாள். பொழுது படுகிற நேரம் ஆபத்து நீங்கிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். கடல் வரவே இல்லை. சனம் கைதட்டிச் சிரித்தது. அத்தான் மட்டும் வேனுக்குக் கீழே புகுந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். டயருக்குக் காற்றுக் காணாதாக்கும்.

அன்று எல்லோரும் பெரியக்கா வீட்டில் படுத்தோம். காலையில் எழுந்தபோது பெரியக்கா தலைவாரி, சேலை மாற்றி, வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "நீங்க கோட்டை பாக்கத்தானே வெளிக்கிட்ட? நானும் கண்டதில்ல. போவம்" என்றாள். நான் பின்னால் போய் இருந்தேன்.

வெருகல் பாலம், மூதூர், கிண்ணியாப் பாலம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தோம். அத்தான் ஒரு இடத்திலும் வேகம் குறைக்கவில்லை. பெரியக்கா வழி நெடுக அவரோடு நெல்லு விலை, மழை, பாசிக்குடா ஹோட்டல் எல்லாம் கதைத்துக்கொண்டு வந்தாள். அவர் ஓம், ஓம் என்றார். அவருடைய கழுத்தில் வியர்வை ஓடியது.

திருகோணமலைக் கோட்டை வாசலில் ஆமிக்காரன் எங்களைப் பார்த்துப் போங்கள் என்று கையைக் காட்டினான். உள்ளே மான்கள் வீட்டு ஆடுகளைப்போலத் திரிந்தன. பிள்ளைகள் அவற்றின் பின்னால் ஓடினார்கள். மேலே ஏறி, கோட்டைக்குள்ளேயே இருக்கிற கோயிலின் படிக்குக் கொஞ்சம் இப்பால், கீழே கடல் தெரிகிற மதிலோரம் நின்றோம். இருபத்துநான்கு வருடம் காத்திருந்த சின்னக்கா மதிலைத் தடவிப் பார்த்து, "படத்தில இதவிடப் பெரிசா இருந்துது" என்றாள். ஆனால் அவளுடைய முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது.

அத்தான் பெரியக்காவின் முன்னால் வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

"அக்கா, அண்டைக்கு ரோட்டு பூட்டல்ல. போகச் சொல்லித்தான் கையைக் காட்டினான். நான்தான் பயந்து திருப்பிட்டன். பொய் சொன்னன்."

சின்னக்கா மதிலிலிருந்து கையை எடுத்தாள். அவரைப் பார்த்தாள். "நேத்து நான் பூட்டல்லையே எண்டு சொன்னதுக்குத்தான் முன்னுக்கு எடுத்தீங்களா?"

"ஓம்."

"ஆறு வரிசமா என்னோட ஒரே பாயில படுத்திட்டு, இத ஒரு வார்த்தை சொல்லல்ல." அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "வீட்ட வாங்க, மறுகா கதைக்கிறன்."

பெரியக்கா குறுக்கே வந்தாள். "விடு புள்ள. எனக்கு இது அப்பவே தெரியும். ஓட்டமாவடி யாவாரி முகைதீன்பாவா காக்காவின்ட நெல்லு லொறி அண்டைக்குக் காலையில அந்தப் பாலத்தாலதான் வந்துது. முகாமுக்கு அரிசி கொண்டுவந்த இடத்தில அவர் சொன்னவர், உங்கட வேன் பாலத்தடியில நிண்டு திரும்பினதக் கண்டனெண்டு. உன்ட வீட்டுல சண்டை வேணாமெண்டு நான் வாய் திறக்கல்ல."

அத்தான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். ஐம்பத்திரண்டு வயது மனிதன், சுற்றுலாப் பயணிகள் பார்க்கப் பார்க்க விம்மி அழுதார். பெரியக்கா அவருடைய தோளில் தட்டினாள். "பயந்தீங்க, திரும்பினீங்க. நேத்து வந்தீங்க. முப்பது பேர ஏத்தினீங்க. முடிஞ்சுது."

நல்லபடியாக முடிந்தது என்று நானும் ஒரு பெருமூச்சு விட்டேன். இந்தப் பயணத்தைப் பற்றி ஊரில் எப்படிச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுகூட மனதுக்குள் ஓடத் தொடங்கியிருந்தது. அப்போது பெரியக்கா என் பக்கம் திரும்பினாள்.

"டேய் தம்பி. அவர் மச்சான், பிறத்தியான். நீ என்ட கூடப் பொறந்தவன். அண்டைக்கு நீயும் வேனுக்குள்ளதானே இருந்த? அவர் திருப்பினா, நீ இறங்கி நடந்து வந்திரிக்கலாமே. ஏன்டா வரல்ல?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அத்தானைப் பயந்தவர், பொய்யர், ரிவேர்ஸ் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். பாலத்தடியில் அவர் என் முகத்தைப் பார்த்தாரே, அப்போது நான் போவோம் என்று சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். எனக்கு அது தெரியும். அன்றைக்கே தெரியும்.

"பயம் அக்கா" என்றேன். "அவர் திருப்பினது எனக்குச் சந்தோசமா இருந்துது."

"அதுக்குத்தான் மாசா மாசம் சீனி அனுப்பினியா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் என்னைக் கிட்ட வரச் சொன்னாள். போனேன். கையை மடக்கி என் நடு உச்சியில் ஒரு குட்டு வைத்தாள், சின்ன வயதில் மாங்காய் களவெடுத்ததற்கு வைப்பாளே, அதே குட்டு. மான் துரத்திக்கொண்டிருந்த கம்சாயினி ஓடி வந்து, மாமாவுக்கு அடி விழுந்தது, மாமாவுக்கு அடி விழுந்தது என்று குதித்தாள். அத்தான் அழுதபடியே சிரித்தார். சின்னக்கா, "இன்னொண்டு போடுக்கா, என்ட கணக்கில" என்றாள். பெரியக்கா போடவில்லை.

பிறகு கோயிலுக்குப் போனோம். படிகள் உயரம், பெரியக்காவுக்கு முழங்கால் வலி. என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.